எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது? நூலகப் பட்டியலும் சமூக நீதியும்

நூலகத்தில் சமூக நீதி என்றவுடன் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது வாசற்கதவுதான். யாரை உள்ளே விடுகிறார்கள், உறுப்பினராகச் சேரக் கட்டணம் உண்டா, நடக்க இயலாதவர் ஏறிவரச் சாய்தளம் இருக்கிறதா என்பன போன்ற கேள்விகள் அவை. அவற்றின் முக்கியத்துவத்தில் ஐயமில்லை. ஆனால் உள்ளே வந்துவிட்ட வாசகர் தம்மைப் பற்றிய நூல்களை எந்தப் பெயரில், எந்த அலமாரியில் காண்கிறார் என்பதும் நீதி சார்ந்த கேள்வியே. நூலகத் துறையில் கடந்த ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் கடுமையான விவாதங்களில் ஒன்று இதைப் பற்றியது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் படாத இந்த இரண்டாவது கேள்வியை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். நூலகத்துக்கு வந்து சேரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் நூலகர் குறைந்தது இரண்டு முடிவுகளை எடுக்கிறார். ஒன்று, பகுப்பெண். புத்தகத்தின் முதுகில் ஒட்டப்படும் இந்த எண், அலமாரியில் அது எந்தப் புத்தகங்களுக்கு நடுவே நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. மற்றொன்று, பொருள் தலைப்பு. நூல் எதைப் பற்றியது என்பதைச் சொல்லும் இந்தச் சொற்கள், முன்னர்ப் பட்டியல் அட்டையின் மேல் தட்டச்சு செய்யப்பட்டன. இன்று கணினிப் பட்டியலில் இடம்பெறுகின்றன. இச்சொற்களை நூலகர் தம் விருப்பம்போல் எழுதுவதில்லை. ஒரே பொருளுக்கு ஒருவர் ‘மருத்துவமனை’ என்றும் மற்றொருவர் ‘வைத்தியசாலை’ என்றும் எழுதினால் நூல்கள் இரண்டு இடங்களில் சிதறிவிடும் என்பதால், முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்ட சொற்பட்டியல் ஒன்றிலிருந்தே தலைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற சொல்லைத் தேடி வருபவருக்கு ‘இதைப் பார்க்க’ என்று ஒரு வழிகாட்டிக் குறிப்பு இருக்கும்.

இந்த ஒழுங்கு இல்லாமல் நூலகம் இயங்க முடியாது. ஆனால் ஒப்புக்கொள்ளப்பட்ட சொல் என்றால், அதை ஒப்புக்கொண்டவர்கள் யார் என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

எண்ணிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டு நூலகங்களில் தமிழ் நாவல்களின் முதுகில் 894.8113 என்ற எண்ணைப் பலர் பார்த்திருப்பார்கள். இது மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையின் எண். அறிவு முழுவதையும் 000 முதல் 999 வரையிலான எண்களுக்குள் அடக்கும் இம்முறையில் இலக்கியத்துக்கு 800 முதல் 899 வரை ஒதுக்கப்பட்டுள்ளது. அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கில இலக்கியத்துக்கு 820, ஜெர்மானிய மொழிகளுக்கு 830 என்று ஐரோப்பிய மொழிகளுக்குத் தனித்தனிப் பத்துகள் கிடைத்தன. தமிழ், சீனம், அரபு, இந்தி, ஆப்பிரிக்க மொழிகள் என எஞ்சிய உலகம் முழுவதும் 890 என்ற ஒற்றைப் பத்துக்குள் ‘பிற மொழிகள்’ என்று சேர்க்கப்பட்டது. ஆங்கில நாவலுக்கு 823 என மூன்று இலக்கங்கள் போதும்; தமிழ் நாவலுக்கு ஏழு இலக்கங்கள் தேவைப்படுவது இதனால்தான்.

சமயங்களின் நிலையும் இதுவே. 200 முதல் 299 வரையிலான சமயப் பிரிவில் 220 முதல் 289 வரை விவிலியத்துக்கும் கிறித்தவத்துக்கும் உரியவை. இந்து, பௌத்த, சமண, சீக்கிய சமயங்கள் 294இன் உட்பிரிவுகள், யூத சமயம் 296, இஸ்லாம் 297. பிந்தைய பதிப்புகள் இதைச் சற்றே சீர்செய்திருக்கின்றன. 1996இல் வந்த 21ஆம் பதிப்பில் யூத, இஸ்லாமியப் பிரிவுகள் விரிவாக்கப்பட்டன. ஆயினும் அடித்தளத்தை மாற்ற முடியவில்லை. மாற்றினால் உலகெங்கும் கோடிக்கணக்கான புத்தகங்களின் முதுகில் புதிய எண் ஒட்ட வேண்டியிருக்கும்.

டியூயி தனிப்பட்ட முறையில் பாகுபாடு காட்டியவர் என்பது ஆவணப்படுத்தப்பட்ட செய்தி. அவர் நடத்திய கேளிக்கை மன்றத்தில் யூதர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது குறித்த புகாருக்குப் பின்னர், 1905இல் நியூயார்க் மாநில நூலகர் பதவியை விட்டு விலகினார். பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதமும் சேர்ந்து, 2019இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் உயரிய பதக்கத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது. எனினும் பகுப்பு முறையின் சாய்வுக்கு அவருடைய குணத்தை மட்டும் காரணம் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1870களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி நூலகத்தில் எவ்வகைப் புத்தகங்கள் இருந்தனவோ அவற்றை அடுக்கத்தான் இம்முறை உருவாயிற்று. நல்லவர் ஒருவர் அங்கே அமர்ந்திருந்தாலும் தமிழுக்குத் தனிப் பத்து கிடைத்திருக்காது. இதுபோன்ற சாய்வு தீய நோக்கம் எதுவும் இல்லாமலேயே உருவாகி, உருவாக்கியவர்கள் மறைந்த பின்னும் நீடிக்கக்கூடியது.

எண் செய்யும் தீங்கு இன்னும் கூர்மையாகத் தெரிந்த இடம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நூல்கள். வாஷிங்டன் நகரின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1930 முதல் கறுப்பின வரலாற்றுத் தொகுப்பைக் கட்டியெழுப்பிய நூலகர் டோரதி போர்ட்டர், மற்ற நூலகங்களிடம் வழிகாட்டுதல் தேடியபோது ஒரு வினோதத்தைக் கண்டார். கறுப்பினத்தவர் எழுதிய நூல் கவிதையாக இருந்தாலும் சரி, வேறெதுவாக இருந்தாலும் சரி, பல நூலகங்கள் அதை 325 அல்லது 326இல் வைத்திருந்தன. முதலாவது குடியேற்றத்துக்கான எண், இரண்டாவது அடிமை முறைக்கான எண். கறுப்பினக் கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் கவிதைத் தொகுதியும் 325இல்தான் நின்றது. போர்ட்டர் அந்த எண்களை ஒதுக்கிவிட்டு, கவிதையைக் கவிதையோடும் இசையை இசையோடும் மருத்துவத்தை மருத்துவத்தோடும் வைத்தார். கறுப்பினத்தவர் கை வைக்காத துறை இல்லை என்பதை அந்த அலமாரியே காட்டத் தொடங்கியது. அவர் செய்தது, எந்தப் புத்தகத்துக்கு எது அண்டை என்பதை மாற்றியது மட்டுமே. ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் அறிவுழைப்பு முழுவதையும் அது அனுபவித்த கொடுமையின் பெயரில் அடைத்துவைத்தால் அந்தச் சமூகத்துக்கு வேறு வரலாறே இல்லை என்றாகிவிடும் என்பதை அந்நாளிலேயே அவர் உணர்ந்திருந்தார்.

பொருள் தலைப்புகளின் கதை இதைவிடச் சிக்கலானது. எண்ணைப் போலன்றி இவை வெளிப்படையான சொற்கள் என்பதால் வாசகர் நேரடியாகப் படித்துவிடுகிறார். இன்று உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் சொற்பட்டியல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு உரிய காங்கிரஸ் நூலகம் 1898 முதல் வளர்த்துவரும் பட்டியலாகும். 1901இல் அந்நூலகம் தன் பட்டியல் அட்டைகளை அச்சிட்டு மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. ஒரே புத்தகத்துக்கு நூறு ஊர்களில் நூறு பேர் உழைக்க வேண்டியதில்லை என்ற சிக்கனமே இதற்குக் காரணம். இன்றும் ஒரு நூலகம் எழுதிய பதிவை மற்றவை கணினி வழியாக நகலெடுத்துக்கொள்கின்றன. சிக்கனத்தோடு சொற்களும் பயணம் செய்கின்றன. வாஷிங்டனில் ஒருவர் எடுத்த முடிவு உலகின் மற்றொரு மூலையில் உள்ள நூலகத்தில் எவரும் யோசிக்காமலேயே இடம்பிடித்துவிடுகிறது.

அப்படி ஒரு மூலையில்தான் சான்ஃபோர்ட் பெர்மன் என்ற அமெரிக்க நூலகர் இதை முதலில் உணர்ந்தார். 1960களின் இறுதியில் ஜாம்பியாவில் பணியாற்றியபோது, காங்கிரஸ் நூலகப் பட்டியலில் தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களுக்கு ‘காஃபிர்கள்’ என்ற தலைப்பு இருப்பதைக் கண்டார். அங்கே அது வாய்விட்டுச் சொல்லக்கூடாத வசைச்சொல். 1971இல் அவர் வெளியிட்ட நூல், இத்தகைய இருநூறுக்கும் மேற்பட்ட தலைப்புகளை வரிசையாக எடுத்துக்காட்டி மாற்றுச் சொற்களையும் முன்வைத்தது. அவற்றுள் ‘யூதர் பிரச்சினை’, கிழக்காசிய மக்களை அச்சுறுத்தலாகச் சித்திரித்த ‘மஞ்சள் அபாயம்’ போன்றவை அப்பட்டமானவை. எனக்கு அவற்றைவிடப் பாடமாகத் தோன்றுவது, ‘மருத்துவர்களாகப் பெண்கள்’ என்ற அச்சில் அமைந்த தலைப்புகள்தாம். இதில் வசை எதுவும் இல்லை. ஆனால் ஆண்கள் மருத்துவர்களாக இருப்பதற்குத் தனித் தலைப்பு கிடையாது; மருத்துவர் என்றாலே ஆண் என்று பட்டியல் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. வெள்ளையர், கிறித்தவர், ஆண் ஆகியோர் பெயர் சொல்லப்படாத இயல்பு நிலை. மற்றவர்கள் எல்லாரும் அதற்கு விலக்கு. ஓரினச் சேர்க்கை பற்றிய நூல்களும் நெடுங்காலம் மனநோய், பிறழ்வு ஆகியவற்றின் வரிசையிலேயே நின்றன. 1970இல் அமெரிக்க நூலகச் சங்கத்துக்குள் தொடங்கப்பட்ட ஒரு குழுவின் அழுத்தத்துக்குப் பின்னரே அது மெல்ல மாறிற்று.

இதை எதிர்கொள்ளும் தொடக்கநிலை வாசகருக்கு ஓர் ஐயம் எழலாம்: கூகுளில் தேடும் காலத்தில் இந்தத் தலைப்புகளை யார் பார்க்கிறார்கள்? தேடும் சொல் நூலின் பெயரிலேயே இருந்தால் தலைப்பு தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் நூற்பெயர்கள் பொருளை எப்போதும் சொல்வதில்லை. வேற்று மொழி நூலின் பெயரோ தேடுபவரின் சொல்லோடு பொருந்தவே பொருந்தாது. இவற்றையெல்லாம் ஓரிடத்தில் கூட்டித் தருவது பொருள் தலைப்புதான். மேலும் இன்றைய கணினிப் பட்டியல்கள் தேடல் முடிவுகளின் ஓரத்தில் இத்தலைப்புகளைச் சொடுக்கத்தக்க வடிகட்டிகளாகக் காட்டுகின்றன. அட்டைப்பெட்டியின் உள்ளே கிடந்த சொல் இப்போது திரையின் ஓரத்தில் வந்து நிற்கிறது.

2013, 2014 ஆண்டுகளில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு நேர்ந்தது இதுவே. ஆவணங்கள் இன்றிக் குடியேறியவர்கள் பற்றி ஆய்வு செய்யத் தேடியபோது, பட்டியல் அவர்களுக்கு ‘சட்டவிரோத அந்நியர்கள்’ என்ற தலைப்பைத் திரும்பத் திரும்பக் காட்டியது. அவர்களில் சிலருடைய குடும்பங்களே அத்தகைய நிலையில் இருந்தவை. நூலகரிடம் முறையிட்டபோது, சொல் அக்கல்லூரியுடையது அல்ல, காங்கிரஸ் நூலகத்துடையது என்று தெரிந்துகொண்டார்கள். 2014இல் நூலகர்களும் மாணவர்களும் சேர்ந்து மாற்றக் கோரி முன்மொழிவு அனுப்பினர். அது மறுக்கப்பட்டது; இச்சொல் அமெரிக்கச் சட்டங்களில் உள்ள சொல் என்பதும், ‘ஆவணமற்றோர்’ என்பது அதற்குச் சரியான நிகர் அல்ல என்பதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

இக்காரணங்களை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. சொற்பட்டியலுக்கு என்று ஒரு நெறி உண்டு. நூல்களிலும் சட்டங்களிலும் எச்சொல் வழங்குகிறதோ அதையே தலைப்பாக்க வேண்டும், நூலகர் தாமாக ஒரு சொல்லை உருவாக்கித் திணிக்கக் கூடாது என்பது அந்நெறி. இது நூலகரின் தன்முனைப்பைக் கட்டுப்படுத்துவதற்காக வகுக்கப்பட்டது. ஆனால் எழுதியவர்கள் பெரும்பாலும் அதிகாரத்தின் பக்கம் இருந்தவர்கள் என்னும்போது, ‘வழக்கில் உள்ள சொல்’ என்பது அவர்களுடைய சொல்லாகவே அமைந்துவிடுகிறது என்பதை அந்நெறி கணக்கில் கொள்வதில்லை.

2016 ஜனவரியில் அமெரிக்க நூலகச் சங்கம் மாற்றத்தை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. மார்ச் மாதம் காங்கிரஸ் நூலகம் இணங்கி, ‘குடிமக்கள் அல்லாதோர்’, ‘அனுமதியற்ற குடியேற்றம்’ என்ற இரு தலைப்புகளைக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. அதன் பிறகு நடந்ததை நூலகத் துறையினர் எதிர்பார்க்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவையில் குடியரசுக் கட்சியினர் பழைய சொல்லையே வைத்திருக்க வேண்டும் என்று தனி மசோதா கொண்டுவந்தனர். நூலகத்துக்கான நிதி ஒதுக்கீட்டிலும் அதை வலியுறுத்தினர். நிதி நாடாளுமன்றத்தின் கையில் இருக்கும்போது, நூலகரின் தொழில்முறை முடிவு எவ்வளவு தூரம் அவருடையது என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாக எழுப்பும் நிகழ்வு வேறில்லை. ஐந்தாண்டுகளுக்கு மேல் எதுவும் நகரவில்லை. இடைப்பட்ட காலத்தில் சில கல்லூரி, பொது நூலகங்கள் தத்தம் பட்டியலில் தாமே சொல்லை மாற்றிக்கொண்டன. இறுதியில் 2021 நவம்பரில் காங்கிரஸ் நூலகம் ‘குடிமக்கள் அல்லாதோர்’ என்ற சொல்லை ஏற்றது. ஆனால் ‘அனுமதியற்ற’ என்று முன்பு அறிவித்த இடத்தில் ‘சட்டவிரோதக் குடியேற்றம்’ என்பதைத் தேர்ந்தது. மனிதரைச் சுட்டிய அடைமொழி செயலைச் சுட்டுவதாக நகர்ந்தது. மாற்றம் கோரியவர்கள் பலருக்கு இதில் நிறைவில்லை.

நூலகர் நடுநிலை வகிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இதிலிருந்து ஒதுங்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. புத்தகத் தேர்வில் இந்த வாதத்துக்கு வலு இருக்கிறது. தமக்கு உவப்பில்லாத கருத்துள்ள நூலையும் நூலகர் வாங்கிவைக்கத்தான் வேண்டும். ஆனால் பட்டியலில் ஒதுங்கி நிற்பதற்கு இடமே இல்லை. புத்தகத்தை ஏதேனும் ஓர் எண்ணில், ஏதேனும் ஒரு சொல்லின் கீழ் வைத்தே ஆக வேண்டும். பழைய சொல்லை அப்படியே விட்டுவைப்பதும் ஒரு முடிவுதான். அதை எடுத்தவர் பெயர் வெளியே தெரிவதில்லை என்பது மட்டுமே வேறுபாடு. 2021 ஜூனில் அமெரிக்க நூலகச் சங்கம் தன் நெறிமுறைத் தொகுப்பில் ஒன்பதாவது கோட்பாடாக இன, சமூக நீதியைச் சேர்த்தது இந்த நீண்ட விவாதத்தின் விளைவாகும்.

கோட்பாடு எழுதுவது எளிது. வேலை செய்பவரின் மேசையில்தான் இடர்ப்பாடு. ஒரு தலைப்பை மாற்றுவதென்றால், நன்றாக இணைக்கப்பட்ட கணினி அமைப்பில் மூலப் பதிவு ஒன்றைத் திருத்தினால் மற்றவை தாமே மாறும். அப்படி இணைக்கப்படாத அமைப்பில் ஒவ்வொரு நூலின் பதிவையும் தனித்தனியே தேடித் திருத்த வேண்டும். நூலகம் தனக்கென்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டால், வெளியிலிருந்து நகலெடுக்கும் ஒவ்வொரு புதிய பதிவும் பழைய சொல்லை மீண்டும் கொண்டுவரும். யாராவது ஒருவர் தொடர்ந்து களையெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெர்மன் 1973 முதல் 1999 வரை மினசோட்டாவின் ஹென்னெபின் மாவட்ட நூலகத்தில் பட்டியல் பிரிவின் தலைவராக இருந்து, வாசகர் பேசும் சொற்களில் ஒரு தனிப் பட்டியலையே வளர்த்தார். நிர்வாகத்துடன் மோதி அவர் வெளியேறிய பின் அந்நூலகம் பொதுப் பட்டியலுக்கே திரும்பியது. தனியொருவரின் உறுதியை நம்பி நிற்கும் திருத்தம் அவரோடு போய்விடும்.

பழைய சொல்லை முற்றிலும் அழித்துவிடவும் முடியாது. 1920களின் ஆவணங்களைத் தேடும் ஆய்வாளருக்கு அக்காலச் சொல் தேவை. எனவே அது தலைப்பாக இல்லாமல், புதிய தலைப்புக்கு வழிகாட்டும் குறிப்பாகப் பின்னணியில் இருக்க வேண்டும். அத்துடன், ஒரு சமூகத்துக்கு உள்ளேயே எப்பெயர் சரி என்பதில் கருத்து வேறுபாடு இருக்கும். யாரைக் கேட்பது, கருத்துச் சொல்பவருக்கு ஊதியம் உண்டா என்பவையும் விடை காணப்படாத கேள்விகள். பட்டியல் பிரிவுகளோ பல நாடுகளில் சுருங்கி வருகின்றன. புத்தக வழங்குநரே எண்ணும் தலைப்பும் சேர்த்து அனுப்பிவிடுகிறார். இந்நிலையில் திருத்த வேலை, ஆர்வமுள்ள இளநிலை ஊழியர் ஒருவரின் கூடுதல் சுமையாகவே முடிகிறது. நூலகப் பணி புனிதமானது என்ற எண்ணமே ஊழியரைக் குறைந்த ஊதியத்தையும் மிகுந்த சுமையையும் கேள்வி கேட்காமல் ஏற்கவைக்கிறது என்று ஃபோபாஸி எட்டார் என்ற அமெரிக்க நூலகர் 2018இல் முன்வைத்த விமரிசனம் இங்கே அப்படியே பொருந்தும். பட்டியலில் நீதி கேட்பவர்கள் பட்டியல் எழுதுபவரின் பணிநேரத்தைப் பற்றியும் கேட்காவிட்டால் அக்கோரிக்கை பாதியில் நின்றுவிடும்.

இருக்கும் முறையைத் திருத்தாமல் புதிதாக ஒன்றைக் கட்டியவர்களும் உண்டு. கனடாவின் மோஹாக் பழங்குடியைச் சேர்ந்த நூலகர் பிரையன் டியர் 1970களில் உருவாக்கிய பகுப்பு முறை, பழங்குடி மக்களை வரலாற்றுப் பிரிவின் ஒரு மூலையில் கடந்தகாலத்து மனிதர்களாக வைக்காமல், அவர்களை நடுவில் வைத்து மற்றவற்றைச் சுற்றி அடுக்கியது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பழங்குடி நூலகம் இன்றும் அதன் ஒரு வடிவத்தைப் பயன்படுத்துகிறது. நம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்து 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் இலக்கியத்துக்கு ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து; அதனுடன் மொழிக்கான எண் சேரும். தமிழுக்கு 31, ஆங்கிலத்துக்கு 111. தமிழ் இங்கே ‘பிற மொழி’ அன்று. ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்று 1931இல் அவர் வகுத்த விதிகளை நாம் பெரும்பாலும் வாசற்கதவோடு நிறுத்திவிடுகிறோம். நூலுக்கு வாசகரைத் தேடித்தரும் வேலையைச் செய்வது பட்டியல்தான்.

இந்தியாவுக்கும் இந்த விவாதத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. காங்கிரஸ் நூலகம் 1962 முதல் புதுதில்லியில் அலுவலகம் நடத்தி, தமிழ் உட்பட இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவருகிறது. அவற்றுக்கும் அதே சொற்பட்டியல்தான். முன்பு ‘தீண்டத்தகாதோர்’ என்று இருந்த தலைப்பு இன்று ‘தலித்துகள்’ என்று மாறியிருக்கிறது. பழைய சொல்லும், ‘ஹரிஜனங்கள்’ போன்றவையும் வழிகாட்டிக் குறிப்புகளாக உள்ளன.

ஆனால் டோரதி போர்ட்டர் எதிர்கொண்ட கேள்வி நம் அலமாரிகளில் இன்னும் இருக்கிறது. தலித் எழுத்தாளரின் நாவலை 894.8113இல் மற்ற நாவல்களோடு வைப்பதா, சாதி பற்றிய சமூகவியல் நூல்களோடு வைப்பதா, ‘தலித் இலக்கியம்’ என்று தனித் தட்டு அமைப்பதா? தனித் தட்டில் வைத்தால் தேடி வருபவர் உடனே காண்பார். ஆனால் நாவல் படிக்க வந்தவர் அந்தப் பக்கம் திரும்பாமலே போகக்கூடும். நாவல்களோடு சேர்த்தால் அது இலக்கியமாக மதிக்கப்படும். தேடி வருபவருக்குச் சிதறிக் கிடக்கும். என் கருத்தில், அலமாரியில் அதை நாவலாக வைத்து, பட்டியலில் பொருள் தலைப்பின் வழியாகத் தொகுத்துக் காட்டுவதே சரி. புத்தகம் ஓரிடத்தில்தான் நிற்க முடியும், தலைப்புகளோ எத்தனை வேண்டுமானாலும் தரலாம். இதற்கு நூலகர் அந்த நாவலைச் சிறிதேனும் படித்துப் பார்த்து இரண்டாவது, மூன்றாவது தலைப்பைத் தட்டச்சு செய்ய வேண்டும். வழங்குநர் அனுப்பிய பதிவில் பெரும்பாலும் ‘தமிழ் நாவல்’ என்ற ஒன்றுதான் இருக்கும்.